தகவல் வாணிகத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்: டயலொக் நிறுவனத்தின் வரலாறு

அரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளை ஆராய்வதே வரலாறு என்னுங் கருத்து நெடுங்காலம் நிலவி வந்தது. வாணிகக் குழுக்களின் வரலாறும் அரசுகளின் வரலாற்றுக்கு எவ்வகையிலுங் குறைந்ததன்று என்பதைப் பிற்காலத்து அறிஞர் உணர்த்தினர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனியை விலக்கிவிட்டு ஈழநாட்டின் பதினேழாம் பதினெட்டாம் நூற்றாண்டு வரலாற்றை எழுத இயலாது என்பது நம் மாணாக்கர் நன்கறிந்ததொன்று. அக்கொம்பனி கறுவாவையும் யானையையும் விற்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலோ அறிவு இருக்கும் இடத்தைக் காட்டுதலையே சரக்காகக் கொண்டு விற்கும் நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் காலத்தால் முற்பட்டதும் அளவாற் பெரியதுமாகிய நிறுவனங்களுள் ஒன்று அமெரிக்காவிற் பிறந்த டயலொக் என்பது. அது எங்ஙனம் எழுந்தது, எக்காரணங்களால் வீழ்ந்தது என்பதை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பெயரைக் கேட்டதும் நம் நாட்டினர்க்குத் தொலைபேசிச் சேவை நடத்தும் நிறுவனமொன்று நினைவுக்கு வருதல் இயல்பு. அதற்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்பதை முதற்கண் தெளிவாக்கிக் கொள்ளுதல் நன்று.

தோற்றத்துக்குரிய சூழ்நிலை

இரண்டாம் உலகப் போரின்போது விஞ்ஞான ஆராய்ச்சி முன்னொருபோதும் இல்லாத அளவிற் பெருகிற்று. போர் முடிந்த பின்னரும் அப்பெருக்கம் குறையவில்லை. போர்க்காலத்தில் அமெரிக்க விஞ்ஞான ஆராய்ச்சியை நெறிப்படுத்திய வன்னெவர் புஷ் என்பார், 1945 ஆம் ஆண்டில் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையொன்றில், எழுதப்படுவன பெருகியும் அவற்றை நாடிக் கண்டெடுக்கும் வழி பழையதாகவே இருத்தலைச் சுட்டிக் காட்டினார். 1957 இல் சோவியத்து நாடு ஸ்புட்னிக் என்னுஞ் செயற்கைத் துணைக்கோளை விண்ணிற் செலுத்தியபோது, அமெரிக்கர் உள்ளத்தில் அச்சம் குடிபுகுந்தது. ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் வெள்ளமென ஓடிற்று; ஆராய்ச்சி அறிக்கைகளும் அவ்வாறே பெருகின. 1963 இல், அல்வின் வைன்பேர்க் என்பாரைத் தலைவராகக் கொண்ட குழுவொன்று, தகவலை ஒழுங்குசெய்து பிறர்க்கு எட்டச் செய்தலும் ஆராய்ச்சியின் ஓர் உறுப்பே என்று அமெரிக்க சனாதிபதிக்கு அறிக்கை சமர்ப்பித்தது.

இச்சிக்கலை அன்றாடம் அனுபவித்த நிறுவனங்களுள் ஒன்று லொக்ஹீட். விமானங்களும் ஏவுகணைகளும் செய்த இப்பெருங் கொம்பனியின் ஏவுகணைப் பிரிவு கலிபோர்ணியா மாநிலத்தில் இயங்கியது. ஒரு பொருள்பற்றி முன்னர் ஆராய்ச்சி நடந்துள்ளதா என்று தேடிக் கண்டுபிடிப்பதினும், அவ்வாராய்ச்சியை மீண்டும் ஒருமுறை செய்து முடிப்பது எளிது என்ற பேச்சு அங்கே வழங்கியதாம். நகைச்சுவைபோற் தோன்றினும், பெரும் பொருட்செலவையும் காலவிரயத்தையும் சுட்டிய சொல் அது.

சமிற்றும் அவர் கண்ட முறையும்

ஸ்ரான்போர்ட் பல்கலைக் கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த றொஜர் சமிற் என்பார் 1960 ஆம் ஆண்டளவில் லொக்ஹீட்டிற் சேர்ந்தார். கணினியைக் கொண்டு தகவலைத் தேடுதல் எங்ஙனம் என்பதே அவர் மேற்கொண்ட வினா.

அக்காலத்துக் கணினி இன்று நாம் காணும் கணினி அன்று. வினாவைத் துளையிட்ட அட்டைகளில் எழுதிக் கொடுத்துவிட்டு, விடைக்காக மணிக்கணக்கிலோ நாட்கணக்கிலோ காத்திருத்தல் வேண்டும். வந்த விடை வேண்டியதாக இல்லையெனின் வினாவை மாற்றி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால், மனிதர் தேடும் முறை அத்தகையதன்று. நூலகத்துக்குச் செல்லும் ஒருவர் ஒரு நூலைப் புரட்டுகிறார். அதிற் கண்டதனால் தம் வினாவையே திருத்திக்கொண்டு அடுத்த நூலை நாடுகிறார். எனவே, தேடுபவரும் பொறியும் மாறிமாறி உரையாடும் முறையொன்றை அமைத்தல் வேண்டும் எனச் சமிற் கருதினார். உரையாடல் எனப் பொருள்படும் டயலொக் என்னும் பெயர் இம்முறைக்கு இடப்பட்டமை இதனாலேயே ஆகும்.

இம்முறையின் அடிப்படை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யோர்ச் பூல் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர் வகுத்த தருக்கக் கணிதமாகும். எடுத்துக்காட்டு ஒன்றால் இதனை விளக்கலாம். உவர்நிலத்தில் நெல் விளைவித்தல்பற்றி ஒருவர் அறிய விரும்புகின்றார் என்று கொள்வோம். நெல் என்னுஞ் சொல்லைக் கொடுத்தவுடன், அச்சொல் வரும் கட்டுரைகள் 4,000 உள எனப் பொறி விடை தருகின்றது. அத்தொகுதிக்கு ஒன்று என இலக்கமிட்டு நினைவில் வைத்துக்கொள்கின்றது. உவர்நிலம் என்னுஞ் சொல்லுக்கு 900 கட்டுரைகள். அது தொகுதி இரண்டு. ஒன்றிலும் இரண்டிலும் ஒருங்கே வருவன யாவை என வினவின் 35 கட்டுரைகள் எஞ்சுகின்றன. இவ்வெண்கள் விளக்கத்துக்காக நாம் கொண்டவையே. முப்பத்தைந்தும் போதாவெனின், உவர்நிலம் என்பதனோடு அதற்கு ஒத்த வேறு சொற்களையும் “அல்லது” என்பதாற் சேர்க்கலாம். வேண்டாதவற்றை “அன்றி” என்பதால் நீக்கலாம். ஒவ்வொரு படியிலும் எத்தனை கிடைத்தன என்பது தேடுபவர்க்குத் தெரியும். அதனால் தேடல் குருட்டுச் செயலாகாது, அறிவுச் செயலாயிற்று.

ஆய்வுகூடத்திலிருந்து அங்காடிக்கு

இம்முறையின் பயனை முதலில் உணர்ந்தது நாசா எனப்படும் அமெரிக்க விண்வெளி நிறுவனம். விண்வெளி ஆராய்ச்சி அறிக்கைகளின் பட்டியலைக் கணினியில் ஏற்றி, தொலைவிலுள்ள நாசா நிலையங்களிலிருந்து தேடுதற்கு வகைசெய்யும் ஒப்பந்தத்தை 1960 களின் பிற்பகுதியில் லொக்ஹீட் பெற்றது. ஐரோப்பிய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் அம்முறையையே கைக்கொண்டது. அமெரிக்கக் கல்வித் திணைக்களம், எரிக் எனப் பெயர்பெற்ற கல்வியியற் கட்டுரைப் பட்டியலைத் தேடுதற்கும் இதனை நாடிற்று.

ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே பொறி அமைத்துக் கொடுத்தலினும், ஒரே பொறியிற் பல பட்டியல்களை ஏற்றிவைத்து, வேண்டியோர் யாவர்க்கும் தொலைபேசிக் கம்பி வழியாக வாடகைக்குக் கொடுத்தல் இலாபமன்றோ என்னும் எண்ணம் இதன் பின்னர் எழுந்தது. 1972 ஆம் ஆண்டிலே டயலொக் பொதுமக்கள் பணங்கொடுத்துப் பயன்படுத்தும் சேவையாக மலர்ந்தது. தகவற்றொகுதிகளுட் பெரும்பாலானவை டயலொக்கிற்குச் சொந்தமானவை அல்ல. அரசாங்கத் திணைக்களங்கள், கல்விக் கழகங்கள், பதிப்பாளர் ஆகியோர் தொகுத்தவற்றை அது தன் பொறியில் ஏற்றி, கிடைத்த வருவாயில் உரிமைப் பணம் கொடுத்து வந்தது. இவ்வுண்மையை வாசகர் நினைவில் இருத்தல் வேண்டும். பின்னர் நேர்ந்த வீழ்ச்சியின் வித்து இதிலேயே அடங்கியுள்ளது.

உச்சநிலை

அடுத்த இருபது ஆண்டுகள் டயலொக்கின் பொற்காலம் எனலாம். டைம்னெற், டெலினெற் முதலிய தரவு வலைப்பின்னல்கள் தோன்றியமையால், தொலைநகரத்திலிருப்பவரும் உள்ளூர்த் தொலைபேசி அழைப்பின் செலவோடு கலிபோர்ணியாவிலுள்ள பொறியை அணுக முடிந்தது. மருந்து, இரசாயனம், காப்புரிமை, பொறியியல், கல்வி, செய்தித்தாள் எனத் தொகுதிகள் பெருகிப் பிற்காலத்தில் நானூறுக்கும் மேற்பட்டன. ஒவ்வொரு தொகுதியின் உள்ளடக்கத்தையும் தேடும் முறையையும் விளக்கும் நீலத்தாள்கள் வெளியிடப்பட்டன. இவற்றைக் கோவையாக்கி வைத்துக்கொள்ளாத ஆராய்ச்சி நூலகர் அக்காலத்தில் அரியர்.

கட்டணம் நேரத்தைப் பொறுத்து அமைந்தது. தொகுதிக்கேற்ப, மணியொன்றுக்கு 25 டொலர் அளவிலிருந்து 100 டொலருக்கு மேலும் வாங்கப்பட்டது. செக்கனுக்கு முப்பது எழுத்துக்களே வந்துசேர்ந்த காலம் அது. 1,500 எழுத்துக்கள் கொண்ட ஒரு சுருக்கம் அச்சாகி முடிய ஐம்பது செக்கன் செல்லும். கடிகார முள்ளோடு செலவும் ஏறியமையால், பயிற்சியற்ற ஒருவர் பொறியின் முன்னமர்ந்து சிந்தித்துக்கொண்டிருத்தல் இயலாததாயிற்று. எனவே, தேடற்கலையிற் பயிற்சிபெற்ற நூலகர் ஆராய்ச்சியாளருக்கும் பொறிக்கும் நடுவே நின்றனர். வினாவை முன்னரே ஆராய்ந்து, சொற்களைத் தேர்ந்து, தாளில் எழுதிக்கொண்ட பின்னரே அவர்கள் தொலைபேசியைத் தொட்டனர். நூலகர் தொழிலுக்கு இதனால் உண்டான பெருமை சிறிதன்று.

1981 ஆம் ஆண்டில் டயலொக் லொக்ஹீட்டின் துணைக் கொம்பனியாகத் தனிப்பெயர் பெற்றது. 1982 இல், மாலை வேளைகளிலும் வாரவிறுதியிலும் வீட்டிலிருந்து குறைந்த கட்டணத்திற் பயன்படுத்தத்தக்க சேவையொன்றையும் தொடங்கிற்று. பொதுமக்களின் வாயிலை அந்நிறுவனம் ஒருமுறை தட்டிப் பார்த்தது என்பதற்கு இதுவே சான்று. ஆயினும் அதன் வருவாயின் பெரும்பகுதி கொம்பனிகளிலிருந்தும் ஆராய்ச்சி நூலகங்களிலிருந்துமே வந்தது. அதனால் அதன் கவனமும் அங்கேயே தங்கிற்று.

கைமாறிய காலம்

1988 ஆம் ஆண்டில் லொக்ஹீட் டயலொக்கை விற்றது. வாங்கியது நைற்-றிடர் என்னும் செய்தித்தாட் கொம்பனி. விலை 353 மில்லியன் டொலர். ஆராய்ச்சிக்கூடத்தின் ஒரு மூலையிற் பிறந்த முயற்சி கால் நூற்றாண்டுக்குள் அடைந்த மதிப்பு இது.

எனினும் விரிசல்கள் விரைவில் வெளிப்பட்டன. அமெரிக்க இரசாயனச் சங்கம் தன் இரசாயனச் சுருக்கங்களைத் தேடுதற்குத் தானே ஒரு சேவையை நடத்தலாயிற்று. அச்சுருக்கங்களை முழுமையாகத் தனக்குத் தர மறுப்பதாகக் குற்றஞ்சாட்டி டயலொக் 1990 இல் வழக்குத் தொடுத்தது. சங்கமோ உரிமைப் பணம்பற்றி எதிர்வழக்குத் தொடுத்தது. 1993 இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. ஆயினும், சரக்குக்குச் சொந்தக்காரர் தாமே கடை திறந்தால், பிறர் சரக்கை விற்பவர் நிலை யாதாகும் என்னும் வினா அன்றே எழுந்துவிட்டது. அதே ஆண்டில் நைற்-றிடர் ஐரோப்பாவில் இயங்கிய டேற்றா-ஸ்ரார் என்னும் சேவையையும் வாங்கித் தன் தகவற் பிரிவை விரிவாக்கிற்று.

1997 ஆம் ஆண்டின் இறுதியில் டயலொக் மீண்டும் கைமாறியது. இம்முறை வாங்கியது, டான் வாக்னர் என்னும் இளைஞர் 1985 இல் இலண்டனிலே தொடங்கிய மெய்ட் என்னுஞ் சிறு நிறுவனம். விலை 420 மில்லியன் டொலர். தன்னிலும் பன்மடங்கு பெரிய ஒன்றை வாங்குதற்கு அது பெருங்கடன் பட்டது. வாங்கிய பின்னர்த் தன் பெயரையும் டயலொக் எனவே மாற்றிக்கொண்டது. 1998 இல், நேரத்தைக் கொண்டு கட்டணம் அளக்கும் பழைய வழக்கை விடுத்து, பொறி செய்யும் வேலையின் அளவைக் கொண்டு கணிக்கும் புதிய அலகொன்றைப் புகுத்திற்று. ஒரு தேடலுக்கு எவ்வளவு செலவாகும் என்பதை முன்கூட்டியே மதிப்பிட முடியாமையால் நூலகர் வெறுப்புற்றனர். இருபத்தைந்து ஆண்டுகளாக அந்நிறுவனத்தைத் தாங்கிநின்ற தூண்கள் அவர்களே என்பதை நோக்கின், இதன் விளைவு எத்தகையது என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கடனின் சுமை தாங்கொணாததாயிற்று. 2000 ஆம் ஆண்டில் தகவற் சேவை முழுவதும் 275 மில்லியன் டொலருக்குத் தொம்சன் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. மூன்றாண்டு நிறைவதற்குள் விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீழ்ந்தமை காண்க. 2008 இல் புறோகுவெஸ்ற் என்னும் நிறுவனத்தை அடைந்தது. 2021 இல் அந்நிறுவனத்தையே கிளாரிவேற் வாங்கியபோது, டயலொக் என்னும் பெயரும் உடன் சென்றது. பெயர் நீடித்தது, தனிநாடாயிருந்த தன்மை நீடிக்கவில்லை.

வீழ்ச்சியின் காரணங்கள்

உலகளாவிய வலையே டயலொக்கை வீழ்த்திற்று என்று கூறிவிடுதல் எளிது. திம் பேணர்ஸ்-லீ 1989 இல் முன்மொழிந்த அவ்வலையை, 1993 இல் சேர்ன் என்னும் ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையம் யாவர்க்கும் உரியதெனத் திறந்துவிட்டது. 1998 இல் கூகிள் தோன்றிற்று. இக்காலமும் டயலொக்கின் இறங்குமுகக் காலமும் ஒத்திருத்தல் உண்மையே. ஆயினும், ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதொன்றே காரணகாரியத் தொடர்புக்குப் போதிய சான்றாகாது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. சட்டங்களையும் நீதிமன்றத் தீர்ப்புகளையும் தேடுதற்கு 1973 இல் தொடங்கப்பெற்ற லெக்சிஸ் என்னுஞ் சேவை டயலொக்கின் சமகாலத்தது. அதுவும் கட்டணம் வாங்கிற்று, அதுவும் கைமாறிற்று, 1994 இல் அதனை றீட் எல்செவியர் நிறுவனம் 1.5 பில்லியன் டொலருக்கு வாங்கிற்று. வலையின் வருகைக்குப் பின்னரும் அது வீழவில்லை, செழித்தே நிற்கின்றது. எனவே, வேற்றுமை வலையில் அன்று. இவ்விரு நிறுவனங்களின் அமைப்பிலேயே தேடற்பாலது. லெக்சிஸ் கொடுத்தது தீர்ப்பின் முழுப் பாடம். டயலொக் பெரும்பாலும் கொடுத்தது கட்டுரை இருக்குமிடம். லெக்சிஸ் தன் தொகுதியைத் தானே திரட்டிப் பேணிற்று. டயலொக் பிறர் தொகுதிகளுக்கு வீடு கொடுத்தது.

நம் ஊர்த் தோட்டக் கிணறு ஒன்றை நினைத்துக்கொள்வோம். கிணறு ஒருவருடையது; துலா மற்றொருவருடையது. துலாவின்றி நீர் மேலே வாராதவரை துலாவுக்குடையவர் கூலி பெறுவார். நீர் குழாய்வழியே வீடுதோறும் வரத் தொடங்கின், துலா எத்துணை நேர்த்தியாகச் செய்யப்பட்டதாயினும் அதற்குக் கூலி கொடுப்பாரில்லை. டயலொக்கின் வருவாய் தொலைவு, பொறியின் அருமை, தேடற்பயிற்சியின் அருமை என்னும் மூன்று அருமைகளின் மீது நின்றது. வலை இம்மூன்றையும் ஒருங்கே நீக்கிற்று.

மேலும், கிணறுகள் பலவற்றுக்கு உண்மையில் உடையவர் பொதுமக்களே. மருத்துவக் கட்டுரைப் பட்டியலும் கல்வியியற் பட்டியலும் அமெரிக்க மக்களின் வரிப்பணத்தாற் தொகுக்கப்பட்டவை. 1997 இல் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் தன் பட்டியலைப் பப்மெட் என்னும் பெயரால் உலகத்தார் யாவர்க்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. மெய்ட் 420 மில்லியன் டொலர் கொடுத்து டயலொக்கை வாங்கியதும் அவ்வாண்டிலேயே என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. தன் காலடியில் நிலம் நகர்வதை உணராது, கடன்பட்டு அந்நிலத்திலேயே மாளிகை வாங்கியதைப் போன்றது அச்செயல். கடனில்லாதிருந்தால், கட்டணத்தைக் குறைத்துப் புதிய சூழ்நிலைக்கேற்ப மாறுதற்கு அவகாசம் கிடைத்திருக்கக்கூடும். வட்டி அந்த அவகாசத்தை விழுங்கிற்று. ஆகவே, தொழிலமைப்பு முதற்காரணமும், கடன் துணைக்காரணமும், வலை அவ்விரண்டையும் வெளிப்படுத்திய நிமித்தமும் ஆகும் என முடிவு செய்தல் பொருந்தும்.

முடிவுரை

இவ்வீழ்ச்சியால் உலகம் பெற்றது பெரிது. மணிக்கு நூறு டொலர் கொடுக்கவல்ல கொம்பனிக்கு மட்டும் எட்டிய பட்டியல்கள், இன்று வறிய நாட்டு மருத்துவருக்கும் கிராமப் பாடசாலை ஆசிரியருக்கும் எட்டுகின்றன. நீதி எனத் தகுவது இது. இதற்காக வருந்துவார் யாருமிலர்.

ஆயினும், இழந்ததும் ஒன்றுண்டு. டயலொக்கைப் பயன்படுத்தியவருக்குத் தாம் எத்தொகுதியிற் தேடினர், எச்சொற்களைக் கொண்டு தேடினர், எத்தனை கிடைத்தன, எவற்றை விலக்கினர் என்பன யாவும் தெரிந்திருந்தன. அத்தேடலை மற்றொருவர் அவ்வாறே மீண்டும் செய்து சரிபார்க்கவும் இயலும். இன்றைய இலவசத் தேடற்பொறியோ விடைகளைத் தானே வரிசைப்படுத்தித் தருகின்றது. அவ்வரிசை எங்ஙனம் அமைந்தது என்பது நமக்குத் தெரியாது. அதன் செலவை விளம்பரக்காரர் ஏற்கின்றனர். செலவு மறையவில்லை, கொடுப்பவர் மாறினார். தேடுபவர் பணங்கொடுத்த காலத்திற் பொறி தேடுபவருக்கு ஊழியஞ் செய்தது. பிறர் பணங்கொடுக்குங் காலத்தில் அது யாருக்கு ஊழியஞ் செய்கின்றது என வினவுதல் கற்றோர் கடமையாகும்.

கட்டணம் கடிகாரத்தோடு ஓடியமையால், அக்காலத்தார் தேடுவதற்கு முன்னர்ச் சிந்தித்தனர். இன்று சிந்திக்காது தேடுவதற்கு நமக்கு வசதி உண்டு. அவ்வசதியைப் பெற்ற மாணாக்கர், வினாவை முதலிற் தாளில் எழுதி, அதன் சொற்களை ஆராய்ந்து, கிடைத்தவற்றுள் எதனை ஏன் ஏற்றோம் என்று காரணங் காட்டும் பழைய நூலகரின் ஒழுக்கத்தைக் கைக்கொள்வாராயின், டயலொக் விட்டுச்சென்ற செல்வங்களுள் விலைமதிப்பற்றது எதுவோ அதனைக் காசின்றியே பெற்றவராவர்.